திருவெறும்பூருக்கு முந்தின ஸ்டாப்

காட்டூர் வருவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது, அதற்குள் என் கை பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்துவிட்டது. எடுத்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டேன். இன்றைக்கு வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்தாயிற்று, ஆனால் பழகிய கைக்கு அது தெரியவில்லை. ஈரக் கைக்குட்டை. அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது குழாயில் நனைத்துப் பிழிந்து, பால் கவர் ஒன்றைக் கழுவி அதற்குள் மடித்து வைத்துக்கொள்வேன். உலர்ந்த துணியால் துடைத்தால் திருநீறு போகாது, பரவும், முகமே மாவு மில்லிலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். சேலைத் தலைப்பும் கூடாது, தலைப்பில் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காட்டூர் தாண்டியதும் பஸ் கொஞ்சம் காலியாகும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வியர்வை துடைப்பதுபோல் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். மலைக்கோயில் ஸ்டாப்பில் இறங்கும்போது என் நெற்றி அப்பாவின் மகளுடைய நெற்றி. எத்தனையோ வருடமாக இப்படித்தான். இன்றைக்குப் பஸ்ஸே வேறு மாதிரி இருக்கிறது. நாளைக்கு ஆயுத பூஜை. முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள், ஓட்டுநருக்கு ரோடு தெரிகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சாமந்தி மாலை. ஸ்டியரிங்கில் சந்தனப் பொட்டு, ஹாரனில் கூட ஒரு பொட்டு. ஒவ்வொரு பிரேக்குக்கும் வாழை இலை கண்ணாடியில் அடித்துவிட்டுத் திரும்புகிறது. கண்டக்டர் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, பேசும்போது சின்னத் துண்டுகளாக உதிர்கிறது. டிக்கெட், டிக்கெட் என்று வருகிறார். நான் மலைக்கோயில் என்றேன்.

அப்பா இந்தப் பஸ்ஸில் ஏறினால் மலைக்கோயில் என்று சொல்லமாட்டார். திருவெறும்பூருக்கு முந்தின ஸ்டாப் என்பார். புதுக் கண்டக்டராக இருந்தால், எது, மலைக்கோயிலா என்று கேட்பான். நீ எப்படி வேணாலும் சொல்லிக்கப்பா, எனக்கு முந்தின ஸ்டாப் என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையன்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவருக்குச் சங்கடம் என்று ஒன்று கிடையாது. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை. வாசல் கதவுக்கு மேலே பகுத்தறிவு இல்லம் என்று கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார். கொத்தனார் வாஸ்து பற்றி வாயெடுத்தபோது, சமையலறை எந்தப் பக்கம் வரக்கூடாதென்று கேட்டு அந்தப் பக்கமே வைக்கச் சொன்னார், அதனால் இன்றைக்கும் மத்தியான வெயில் முழுதும் அடுப்பின் மேல்தான். தணிகாசலம் என்று பெற்றவர்கள் வைத்த பெயரைத் தணலரசு என்று மாற்றிக்கொண்டார். எனக்குக் கனல்மொழி என்று வைத்தார். என் வாயிலிருந்து இதுவரை ஒரு பொறி கூட வந்ததில்லை. பள்ளியில் ஆஜர் சொன்னாலே டீச்சருக்குக் கேட்காது. அப்பாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, எனக்கும் சேர்த்து அவரே பேசினார். தெருமுனைக் கூட்டங்களில் முதலில் பேசுகிறவர் அவர்தான், வெல்டிங் வேலை முடித்து அதே கையோடு மைக்கைப் பிடிப்பார். பேச்சு சூடு பிடித்ததும் நான் வந்துவிடுவேன். என் மகளைப் பாருங்கள், காது குத்தவில்லை, ஜாதகம் எழுதவில்லை, ராகுகாலத்தில் பரீட்சைக்கு அனுப்பினேன், முதல் வகுப்பு. தாயில்லாப் பிள்ளை, ஒரு சாமியிடமும் காட்டாமல் வளர்த்தேன், என்ன குறைந்துபோனாள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். குறையாத மாதிரி உட்கார்ந்திருப்பேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்ததையும் மேடையில் சொல்லிக்கொண்டார், அது அவள் முடிவு, கட்டமும் காரணமில்லை கிரகமும் காரணமில்லை என்று. உண்மைதான். அவர் சொன்ன எல்லாமே உண்மைதான், நான் ஒருத்தியைத் தவிர. அவருடைய கட்சிக்கு நான்தான் சாட்சி. சாட்சி, கைப்பைக்குள் ஈரக் கைக்குட்டை வைத்திருக்கிறாள்.

ஆரம்பித்தது இப்படித்தான். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கனவில் யாரும் வரவில்லை, கஷ்டம் எதுவும் தீரவில்லை. அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கி நின்றேன். கல் ஈரமாக இருந்தது, எண்ணெயும் அருகம்புல்லும் கலந்த ஒரு வாசனை, முன்னாலிருந்த கிண்ணத்தில் கொஞ்சம் திருநீறு நனையாமல் இருந்தது. சும்மா எடுத்து வைத்துக்கொண்டேன். வைத்ததும் நெற்றியில் ஒரு குளிர்ச்சி, யாரோ காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னதுபோல. அதற்குமேல் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. வாதம் செய்தால் அப்பாவிடம் தோற்றுவிடுவேன், அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, பாதிப் பதில்கள் சரியாகவும் இருக்கின்றன. ஆனாலும் மறுநாளும் வைத்தேன். பிறகு துடைக்கக் கற்றுக்கொண்டேன். ஆண்கள் சிகரெட் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகுமுன் ஏலக்காய் மெல்லுவார்களே, அதுபோலத்தான். உலகத்தில் எல்லோரும் தங்களுடையதை நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எதிரே வரும் லாரி முருகன் துணை என்கிறது. பால்பண்ணைச் சுவரில் கடவுள் இல்லை என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது, பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக அக்னிச் சட்டி விழா. முன் சீட்டில் ஒரு பெண் சிலுவைச் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே போனில் யாரிடமோ சண்டை போடுகிறாள். என் பக்கத்தில் புர்கா அணிந்த அம்மா, மடியில் குழந்தை. எல்லோரும் அவரவர் எதுவோ அதுவாகவே ஏறி அதுவாகவே இறங்குகிறார்கள். பெண்களுக்கு இந்தப் பஸ்ஸில் காசு இல்லை, இருந்தாலும் டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், செக்கிங் வந்தால் காட்டவேண்டும். நான் அதை மட்டும் ஒழுங்காக வாங்கி வளையலில் செருகிக்கொள்கிறேன்.

அரியமங்கலத்தில் குப்பை எரியும் வாடை வந்தது, புர்கா அம்மா குழந்தையின் மூக்கைத் தன் துணியால் மூடினாள். ஆஸ்பத்திரி வாடை இப்படி இருக்காது. ஆனால் எந்த வாடை அடித்தாலும் எனக்கு இப்போதெல்லாம் அந்த வராந்தாதான் ஞாபகம் வருகிறது. பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வார்டு பையன் வழக்கப்படி ஒரு டப்பாவைத் திறந்து விரலில் விபூதி எடுத்தான். அப்பா படுத்தபடியே, தம்பி, அது வேண்டாம், அந்தக் கையைக் கழுவிட்டு டாக்டருக்கு ஏதாவது எடுத்துக் குடு என்றார். அவன் சிரித்துவிட்டான், கூட வந்த நர்ஸும் சிரித்தாள். கதவு மூடியது. நான் சிரித்த முகத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், அந்தச் சிரிப்பை எப்படி இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபோது என் வாய்க்குள் நானே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். அவரை வெளியே கொண்டுவந்துவிடு, நான் இனிமேல் அழிக்கமாட்டேன். இவ்வளவுதான் வேண்டுதல். மொட்டை போடுகிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்றெல்லாம் வேண்டிக்கொள்வார்கள். என்னிடம் கொடுப்பதற்கு இதுதான் இருந்தது. அப்பா வெளியே வந்தார். கண் திறந்ததும் டாக்டரின் கையைப் பிடித்து, இந்தக் கைக்கு நன்றி என்று குழாய்கள் அனுமதித்த குரலில் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. அந்தக் கைதான் செய்தது. வேண்டுதலைப் பற்றி அப்பாவிடம் சொல்லவும் மாட்டேன், அவருடைய உயிரை வேறொருவர் கணக்கில் நான் எழுதக்கூடாது. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே. தையல் ஆறட்டும் என்றேன், மாத்திரை குறையட்டும் என்றேன், வெயில் தணியட்டும் என்றேன். பிள்ளையார் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. நேற்று டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஐயா இனிமே மாடி ஏறலாம், கூட்டத்துக்குப் போகலாம், கொஞ்சம் சத்தம் போட்டுக்கூடப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா சத்தம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

கோமதிநாயகம் சாரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும், ஆனாலும் வருகிறது. கையை வாய்மேல் வைத்துக்கொண்டேன். சார் திருநெல்வேலிக்காரர், எங்கள் அலுவலகத்தில் கணக்கு அவர் கையில், பூஜையும் அவர் கையில். அகலமான வழுக்கை நெற்றி, மூன்று பட்டை அடித்தால் தூரத்திலிருந்தே தெரியும். நான் சேர்ந்த நாளிலிருந்து ஆயுத பூஜைக்கு அவர்தான் கற்பூரம் காட்டுவார், அவர்தான் பூசணிக்காய் உடைப்பார், ஜெராக்ஸ் மெஷின் தொடங்கி வாட்ச்மேனின் டார்ச் லைட் வரை பொட்டு வைப்பார், கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அவரே நெற்றியில் பூசிவிடுவார். இன்றைக்கும் அள்ளிப் பூசினார், மூக்கின் மேலும் கொட்டியது. கண்ண மூடு தாயி என்றார். மற்றவர்கள் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் அவரும் மட்டும் பூசணித் துண்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, கை கழுவி, ஆளுக்கொரு கை பொரியோடு உட்கார்ந்தோம். அப்போது அவர் சாதாரணமாக, ஃபேன் போடச் சொல்வதுபோல, எனக்கு இதுல ஒரு நம்பிக்கையும் கெடையாது தாயி என்றார். பூசணிக்காயிலா என்று கேட்டேன். மொத்தத்துலயும் என்றார். சின்ன வயசிலிருந்தே கிடையாதாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதிருந்த அதிகாரி, கோமதிநாயகம்னு பேரு, நெத்தியும் வாகா இருக்கு, நீரே தீபாராதனை காட்டும் என்றாராம். மறுக்க வாய் வரவில்லை. அடுத்த வருடமும் தட்டு அவர் கைக்கே வந்தது. அப்படியே ஆயிட்டு என்றார். யாரிடமும் சொன்னதில்லையா என்றேன். வீட்டில் கூடச் சொன்னதில்லையாம், அந்த அம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவருக்கு ஆரத்தி எடுக்கிறாள். "சொல்லணும்னா உங்கப்பா மாதிரி ஒரு தைரியம் வேணும். நான் சொல்லிட்டா இங்க பூசணிக்காய யாரு உடைப்பா?" அவர் என்னிடம் சொன்னதற்குக் காரணம் எனக்குப் புரிந்தது. நான் தணலரசுவின் மகள், சரியான இடத்தில் சொல்கிறோம் என்று நினைத்திருக்கிறார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் என்ன செய்வேன். பையைத் திறந்து பால் கவரையும் அதற்குள் இருந்த ஈரக் கைக்குட்டையையும் காட்டினேன். காட்டிவிட்டு எதற்கென்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொரு ஆளிடம் சொன்னேன். சார் என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், பொரி தொண்டையில் அடைத்துக்கொண்டது. நான் முதுகில் தட்டினேன். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவர் கண்ணில் தண்ணீர் ஓடி, மூன்று பட்டையில் ஒன்று கரைந்து இறங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை, மேஜையில் தலை வைத்துச் சிரித்தேன், வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நாம வீட்ட மாத்திக்கிடுவோமா தாயி" என்றார் சார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, இதையும் சொன்னார். "நீ அழிக்காம போ. ஒருத்தராவது போகட்டும்."

எஸ்.ஐ.டி. ஸ்டாப்பில் ஒரு கூட்டம் ஏறியது. கண்டக்டர் தன் பைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நம்ம வண்டிப் பூஜைப் பொரி, வாங்கிக்குங்க என்று ஒவ்வொரு சீட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். சில்லறை கேட்கிற அதே குரல். சிலுவைப் பெண் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கை நீட்டினாள், கொஞ்சம் யோசித்து, போதும் என்றாள். புர்கா அம்மா குழந்தைக்கென்று வாங்கி முதலில் தான் இரண்டு போட்டுக்கொண்டாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல நாளும் அதுவுமா நெத்தி நிறைய வச்சிருக்கீங்க. பார்க்க அம்சமா இருக்கு." நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஏதோ சொன்னேன். முகம் சூடானது. இந்தப் பஸ்ஸில் என்னை யாரும் இப்படிப் பார்த்துச் சொன்னதில்லை. குழந்தை என் நெற்றியையே பார்த்தது, பொரி பிடித்த கையை நீட்டியது, நான் குனிந்து கொடுத்தேன், அது தொட்டுவிட்டுத் தன் விரலை நக்கிப் பார்த்து முகம் சுளித்தது. காட்டூர், காட்டூர். பாதிப் பஸ் இறங்கியது. இனிமேல்தான் அந்த இடம், ஜன்னல் பக்கம் திரும்புகிற இடம். பயம் ஆரம்பித்தது. அப்பா கோபப்படுவார் என்று இல்லை. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, எதையும் செய்யாதே என்று கூடச் சொன்னதில்லை. அதுதான் பயம். காலையில் பள்ளிக்கு அனுப்பும்போது அவரே எனக்குத் தலை பின்னி, அவரே பவுடர் போட்டுவிடுவார். வெல்டிங் கை, பஞ்சு பிடிக்கத் தெரியாது, மூக்கின்மேல் கொட்டிவிடும். தோளிலிருந்து துண்டை எடுத்து அதன் நுனியால் தட்டிவிட்டு, போ, ராணி மாதிரி இருக்க என்பார். அந்த மனிதர் அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, என் மகளைப் பாருங்கள் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டால். நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டால். அந்தத் தண்ணீர் டம்ளர்தான் எனக்குப் பயம். கைக்குட்டையை எடுத்தேன். நனைந்து குளிர்ந்து இருந்தது. பஸ் வேகமெடுத்தது, வாழை இலை கண்ணாடியில் அடித்தது, தூரத்தில் மலைமேல் கோபுரம் வெயிலில் சின்னதாகத் தெரிந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். நன்றாக, அழுத்தி, இரண்டு பக்கமும். எவ்வளவு சுகமாக இருந்தது. மலைக்கோயில் என்றார் கண்டக்டர். அப்படியே எழுந்து இறங்கினேன்.

ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஒரே தெரு. ஒர்க்ஷாப் பையன்கள் லேத்துக்குச் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தார்கள், யாரோ சைக்கிளைக் கழுவி வெயிலில் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள், சக்கரம் மெதுவாகச் சுற்றியது. என்னைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்கவில்லை. நாளைக்கு ஆயுத பூஜை, யார் நெற்றியில்தான் இல்லை. எனக்கு மட்டும் நெற்றியை ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. வாசல் கல்லுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன், குனியத் தேவையில்லாத உயரம்தான். அப்பா முன்னறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வருடா வருடம் நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் இந்தப் பொரிக்காகக் காத்திருப்பார். பொரி அரிசியிலிருந்து வருகிறது, அரிசி வயலிலிருந்து வருகிறது, இதில் சரஸ்வதி எங்கே வந்தாள் என்று சொல்லிக்கொண்டே வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து ஒரு குண்டான் தின்பார். கறுப்புச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது, தழும்பின் நுனி தெரிந்தது. நிமிர்ந்தார். கத்தி நின்றது. டி.வி.யில் யாரோ நான்கு பேர் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா ரிமோட்டைத் தேடி அவர்களை அணைத்தார்.

"அழிக்க மறந்துட்டியா?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி புரிவதற்கே நேரமானது. "இல்லப்பா. மறக்கல" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அவர் வெங்காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்பவும் புருவத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும்" என்றார். எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை. புருவத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது சிரிப்பு, கோமதிநாயகம் சாரிடம் மிச்சம் வைத்திருந்த சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அவர் கன்னம் அசைந்தது. "சாமி பொய்தான். நான் சொல்றத மாத்திக்க மாட்டேன்" என்றார். மாத்த வேண்டாம்பா என்றேன். "பஸ்ஸுல வச்சு அழிக்காத. ஓடுற வண்டியில கண்ணுல விழும்." சரி என்றேன். அவர் மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். பிறகு நானே கேட்டேன், இனிமேல் கூட்டத்தில் என்னைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள் என்று. அவர் கத்தியை நிறுத்தி யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். "கூட்டத்துக்கு ஆள் வந்தால்ல பேசுறதுக்கு" என்றார். பிறகு, உள்ளதைச் சொன்னால் போச்சு, என் மக ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் ஒரே குண்டான்ல சாப்புடுறோம்னு என்று வெங்காயத்திடம் சொல்வதுபோல முணுமுணுத்தார். பொட்டலத்தை எடு என்றார். பொரியைக் குண்டானில் கொட்டினேன், உள்ளேயிருந்து ஒரு சாமந்திப் பூ விழுந்தது, அதை எடுத்து நான் பக்கத்தில் வைத்தேன். அப்பா வெங்காயத்தை அள்ளிப் போட்டார், மிளகாயைப் போட்டார், எண்ணெயை ஒரு சுற்று விட்டார். வெயில் சமையலறையைத் தாண்டி எங்கள் கால் வரை வந்திருந்தது. நான் நாளைக்குக் கடை உண்டா, பால் வருமா என்று ஏதோ பேச ஆரம்பித்திருந்தேன். அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்து, அதன் நுனியால் என் மூக்கின் மேல் கொட்டியிருந்ததை மட்டும் தட்டிவிட்டு, பொரிக்கு உப்புப் போட்டார்.